கேப்டனைப் பானைக்குள் போட்டவன்

ரிஸ்பாவின் தண்ணீர்ப் பானை மறுபடியும் காணாமல் போயிருந்தது. எங்கே போயிருக்கும் என்று தேடும் சிரமம் அவளுக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால், படகு எஞ்சின்கள் குடல் பிரிந்து கிடக்கும் தகரக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் போதும். பானை ஒருக்களித்துப் படுத்திருக்கும். அதன் வாய்க்குள் ஒரு ஸ்பீக்கர் தலையை விட்டிருக்கும். எதிரே ஸ்டூலில் அவள் கணவன் நியாம்போக், மடியில் கிட்டாருடன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான்.

"அகேயோ அப்பா," என்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், வாசலில் நின்றபடி. "வீட்டுல குடிக்கிற தண்ணி கொதிக்குது. உங்க கிட்டாருக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கோ?"

"அஞ்சே நிமிஷம்."

"போன வாரமும் அஞ்சு நிமிஷம்னுதான் எடுத்தீங்க. எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்த பானை. அவங்க வந்து தண்ணி கேட்டா ஸ்பீக்கரைப் பிழிஞ்சு குடுக்கவா?"

மாமியார் பேச்சு வந்ததும் நியாம்போக் கண்ணைத் திறந்தான். எங்கள் ஏரிக்கரைப் பக்கத்தில் மாமியாரைக் கண்டால் மருமகன் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். தலையைக் குனிந்து நலம் விசாரித்துவிட்டு ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிட வேண்டும். அவர் கொடுத்த பானைக்குள் ஸ்பீக்கரைச் செருகுவது மரியாதையில் சேருமா என்று பெரியவர்கள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் துணியவில்லை.

"கோபப்படாம இதைக் கேளு," என்று ஒரு கம்பியைத் தட்டினான். சத்தம் பானைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டவன் மாதிரி 'ம்ம்ம்' என்று சோம்பலாக வெளியே வந்தது. "இது யாரு, சொல்லு?"

"பானை."

"கேப்டன் ஒண்டியேக்! அச்சு அசல் கேப்டன்!"

"கேப்டனை வெளிய வரச் சொல்லுங்க. நான் தண்ணி ஊத்தணும்."

இந்த 'ம்ம்ம்'முக்காக நியாம்போக் இருபத்து நான்கு வருடம் அலைந்திருந்தான். பதினான்கு வயதில் கருங்கு ஊரிலிருந்து அவன் தாய்மாமா ஒரு கேசட் கொடுத்தார். ரேடியோவில் வந்த கேப்டன் ஒண்டியேக்கின் கச்சேரியை மாமாவே பதிவு செய்தது. கேப்டனோ அதற்குச் சில வருடங்கள் முன்பே மேடையை விட்டுவிட்டார். அவரை நேரில் பார்க்காத, அவருடைய இசைத்தட்டு எதையும் தொட்டுக்கூடப் பார்க்காத பையன், அந்த ஒரு கேசட்டை நாடா தேயும்வரை கேட்டான். பதினெட்டு வயதுக்குள் அதிலிருந்த ஒவ்வொரு சுரமும் அவன் விரலுக்கு வந்துவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. கேசட்டில் கேப்டனின் கிட்டார் தேன் ஒழுகுவது போல ஒழுகியது. நியாம்போக்கின் கிட்டார் தகரக் கூரையில் கோழி நடப்பது போல இருந்தது.

அவன் தொழில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது. ஏரியில் அரை மைல் தூரத்தில் போகும் படகின் சத்தத்தைக் கேட்டே, "மூணாவது நாள் நின்னுடும்" என்பான், நின்றுவிடும். அப்படிப்பட்ட காதுக்குக் கேப்டனின் சத்தம் பிடிபடாதது பெரிய அவமானம். சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டிப் பார்த்தான். ஸ்பீக்கருக்கு ஈரத் துணி போர்த்திப் பார்த்தான். ஸ்பீக்கர் செத்தது, துணி பிழைத்தது. எப்போதாவது ரேடியோவில் கேப்டனின் பாட்டு வரும். அதில் அந்தத் தேன் இருக்காது. "ரேடியோக்காரனுக்குக் காது கிடையாது. எப்படிக் கெடுத்து வச்சிருக்கான் பார்!" என்று அணைத்துவிடுவான். கேப்டன் ஏதோ குகைக்குள் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும் என்பது அவனுடைய நீண்ட நாள் கணிப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், சமையல் கொட்டிலில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது, காலிப் பானை பதில் சொன்னது. அன்று முதல் ரிஸ்பாவின் வீட்டில் குளிர்ந்த தண்ணீர் கிடையாது. அலுமினியக் குண்டான் அலறியது. பிளாஸ்டிக் வாளிக்குச் சளி பிடித்திருந்தது. சந்தையில் வாங்கிய மண்பானைகள் ஐந்து, ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தால் உடைந்தன. கடைசியில் மாமியார் கொடுத்த பானைதான் கேப்டனைப் பெற்றெடுத்தது.

எங்கள் ஆட்களுக்குத் தன்னடக்கம் என்ற நோய் அவ்வளவாக வருவதில்லை. நானும் அதில் சேர்த்திதான். ஆளுக்கொரு பட்டப்பெயர், அதுவும் அவரவரே வைத்துக்கொண்டது, இல்லாமல் யாரும் வீட்டை விட்டு வெளியே கிளம்ப மாட்டார்கள். நியாம்போக்குக்கு மட்டும் சொந்தப் பட்டம் கிடையாது. 'ரெண்டாவது கேப்டன்' என்று ஊர் வைத்த பெயர் அவனுக்குப் போதுமாக இருந்தது.

அந்தப் பெயருக்குச் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. 'புளூ ஷோர் ஜாஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் மகாக், மூச்சிரைக்கக் கொட்டகைக்குள் நுழைந்தான். நியாம்போக்கின் சிறுவயதுத் தோழன். செய்தியைச் சொல்வதற்கு முன்னால் முழுதாக ஒரு நிமிடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் உடையவன்.

"ஓமேரா, தோழா, உக்காரு," என்றான். நியாம்போக் உட்கார்ந்துதான் இருந்தான். "கேப்டன் வர்றாரு. நம்ம எம்பிட்டாவுக்கு. சனிக்கிழமை."

"எந்தக் கேப்டன்? படகுக் கேப்டனா?"

"உன் கேப்டன்டா!"

விஷயம் இதுதான். அடுத்த மாதம் கிசுமுவில் பெரிய மேடை. கேப்டன் ஒண்டியேக் திரும்பி வருகிறார் என்று அந்த ஊரெல்லாம் சுவரொட்டி. ஆனால் அவருக்கு அறுபத்தெட்டு வயது, விரல்கள் மரத்துப்போய்விட்டன. பக்கத்தில் உட்கார்ந்து அவர் சத்தத்தை அப்படியே வாசிக்க ஒரு ஆள் வேண்டும். ஏரிக்கரை முழுக்க அவரைக் காப்பியடிப்பவர்கள் இருப்பதால், படகுத்துறைக்குப் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமை காலை கேட்டுப் பார்த்து ஒருவரை எடுப்பார். மதியமே அங்கே ஒரு ஆட்டம். அதில் அந்த ஆள் ஒத்திகை மாதிரி வாசிக்க வேண்டும்.

நியாம்போக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்தான். திரும்ப வைத்தான்.

"என்னை எடுக்கலைன்னா?" என்றான்.

"உன்னை எடுக்கலைன்னா வேற யாரை எடுப்பாரு? நீ அவரை விட அவரு மாதிரி வாசிக்கிறவனாச்சே."

ரிஸ்பா அன்று இரவு ஒமேனா மீனும் உகாலிக் களியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் உகாலியை உருட்டி உருட்டிப் பந்தாக்கினானே தவிர வாயில் போடவில்லை.

"பானையைச் சனிக்கிழமைக்கு எடுத்துக்கோங்க," என்றாள். "நானும் வர்றேன். உங்களுக்காக இல்ல, பானைக்குக் காவலா."

*

சனிக்கிழமை காலை மண்டபத்தில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நால்வருக்கும் கேப்டன் பழைய படத்தில் போட்டிருப்பது போன்ற தொப்பி. கேப்டன் மட்டும் தொப்பி போடாமல் வந்தார். ஒல்லியாக, உயரமாக, வழுக்கையாக இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மடங்காத விரல்களை முழங்கால் மேல் பரப்பி வைத்துக்கொண்டார்.

"ஆரம்பிங்க தம்பிகளா. பயப்படாதீங்க. எனக்குப் பிடிக்கலைன்னா முகத்துல காட்ட மாட்டேன், வாயாலயே சொல்லிடுவேன்."

முதலில் சிந்தோ ஊர்க்காரர். அவர் கம்பிகளை அறுந்துவிடும் அளவுக்கு முறுக்கிவைத்து, தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான் எடுப்பவர் மாதிரி வாசித்தார்.

"தம்பி, ஏதாவது பஸ்ஸைப் பிடிக்கணுமா?" என்றார் கேப்டன்.

"இல்ல கேப்டன். இது உங்க வேகம்."

"இந்த வேகத்துல வாசிச்சிருந்தா நான் கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருப்பேனே. எதுல கேட்டுக் கத்துக்கிட்ட?"

"எங்கப்பாவோட டேப் ரெக்கார்டர்ல."

"அது வேகமா ஓடியிருக்கு. அடுத்தது!"

அடுத்தது ஹோமா பேக்காரர். அவர் ஒவ்வொரு சுரத்தையும் ஆட்டுக்குட்டி கத்துவது போல ஆட்டி ஆட்டி விட்டார். கேட்டால், "உங்க நடுக்கம், கேப்டன்" என்றார் பக்தியோடு.

"நடுக்கம் எனக்கு இப்பத்தான் வந்திருக்கு. அப்ப இல்ல. உன் கேசட் நாடா இழுத்துக்கிச்சுப்பா."

மூன்றாவது ஆள், கெண்டுக்காரர், நன்றாகத்தான் வாசித்தார். கேப்டன் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பாட்டின் நடுவில், மிகச் சரியான தாளத்தில், கெண்டுக்காரர் ஒரு முறை இருமினார். கேப்டன் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதே இடம் மறுபடி வந்தபோது மறுபடி இருமினார்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் கேப்டன். அந்த இடத்துல நீங்க இருமுவீங்களே."

"நான் எதுக்கு இருமப் போறேன்?"

கெண்டுக்காரர் கலங்கிப்போனார். அவர் அண்ணன் ரேடியோவிலிருந்து பதிவு செய்தபோது, பக்கத்தில் யாரோ இருமியிருக்கிறார்கள். பதினாறு வருடமாக அந்த இருமலை அவர் சாதகம் செய்து வந்திருக்கிறார். மண்டபத்தின் கதவருகே நின்ற கூட்டம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் நியாம்போக்.

பிறகு அவன் முறை வந்தது. மகாக் பானையைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தான். ரிஸ்பா பின்னாலேயே, "மெதுவா, மெதுவா, அது உன் தலையை விட உசத்தி" என்று சொல்லிக்கொண்டு வந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பானை படுத்தது. ஸ்பீக்கர் தலையை நுழைத்தது. நியாம்போக் கண்ணை மூடி வாசித்தான். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்து, பானையைச் சுற்றி வந்து, குனிந்து அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் மெல்ல, "என்னை யாரு கிணத்துல தள்ளிவிட்டது?"

நியாம்போக்குக்குப் புரியவில்லை. கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. கெண்டுக்காரர் பழைய இருமலெல்லாம் மறந்து தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இது உங்க சத்தம், கேப்டன். கேசட்ல இப்படித்தான்..."

"யாரு பதிவு பண்ணின கேசட்?"

கருங்குவில் இருக்கும் தாய்மாமாவுக்குப் போன் போட்டார்கள். மகாக் உதவி செய்வதாக நினைத்து அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். மாமாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்ன மருமகனே, காலங்காத்தால?"

"மாமா, கேப்டன் கேசட் ஒண்ணு குடுத்தீங்களே, அதை எப்படிப் பதிவு பண்ணுனீங்க?"

"எப்படின்னா? ரேடியோவைப் பானைக்குள்ள வச்சு. அந்த ரேடியோவுக்குத் தொண்டை சின்னதுடா. பானைக்குள்ள இறக்கினாத்தான் நாலு வீட்டுக்குக் கேக்கும். பானை வாய்க்கு எதிரே டேப்பை வச்சேன். ஏன், நல்லா இல்லையா?"

"இத்தனை வருஷம் ஏன் மாமா சொல்லல?"

"நீ எப்பக் கேட்ட?"

சிந்தோக்காரர் பெஞ்சிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நியாம்போக் சிரிப்புக்கு நடுவே கிட்டாரைப் பிடித்தபடி நின்றான். ரேடியோக்காரர்களுக்குக் காது இருந்திருக்கிறது. ஐந்து பானை, மூன்று ஸ்பீக்கர், இருபத்து நான்கு வருடம், எல்லாம் போட்டு அவன் அச்சு அசலாகக் கண்டுபிடித்தது தாய்மாமாவின் சமையலறையை. ரிஸ்பா மட்டும் சிரிக்கவில்லை. பானையின் மேல் கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒவ்வொரு முகமாக முறைத்தாள்.

"போதும், போதும்," என்று கேப்டன் கையைத் தூக்கினார். "விரல் எல்லாம் சரியா இருக்கு. பானையை எடுத்துட்டு வாசி பார்ப்போம்."

ஸ்பீக்கரைப் பானையிலிருந்து உருவினார்கள். நியாம்போக் வாசித்தான். சத்தம் நேராக, சுத்தமாக, ஒடிசலாக வந்தது. கேப்டன் கண்ணை மூடினார்.

"இதுதான் நான்," என்றார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த நான். தம்பி, கிசுமுவுக்கு நீ வர்ற."

*

மதியம் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடையில் கேப்டன் முன்னால், மடியில் ஒயர் இல்லாத கிட்டார். அவர் தோளுக்குப் பின்னால் நியாம்போக், ஒயர் உள்ள கிட்டாருடன். பானை மேடையின் ஓரத்தில் சும்மா கிடந்தது. கேப்டன் விரலை ஆட்டினார், நியாம்போக் வாசித்தான், கூட்டம் "கேப்டன்! கேப்டன்!" என்று கத்தியது.

அவன் ஆசைப்பட்டதெல்லாம் இதுதான். அது கைக்கு வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது பாட்டிலேயே அவனுக்குக் கொட்டாவி வந்தது.

இதை யாரிடம் சொல்வது? இருபத்து நான்கு வருடமாகக் கும்பிட்ட சாமி நேரில் வந்து நிற்கிறது. பார்த்தால் ஆள் கொஞ்சம் ஒல்லி. சுத்தமான சத்தம்தான், குறை சொல்ல முடியாது, கழுவித் துடைத்து வைத்த தட்டு மாதிரி. அவனுக்கு அந்தத் தட்டில் ஏதாவது சோறு இருந்தால் தேவலை என்று பட்டது. இப்படி நினைத்ததற்காகப் பயந்துபோய் இன்னும் ஒழுங்காக வாசித்தான்.

நான்காவது பாட்டின் நடுவில் ஒபுன்யா என்ற மீன் வியாபாரி கையைத் தூக்கி, "நிறுத்து!" என்றார். எங்கள் ஆட்டங்களில் இது வழக்கம். தட்டில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பாட்டை நிறுத்தலாம். எழுந்து நின்று தன் பெருமையைத் தானே சொல்லலாம். சொல்லி முடித்ததும், வாசிப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அந்த மனிதனுக்காக ஒரு சுற்று வாசித்தே ஆக வேண்டும்.

"நான் யாரு?" என்றார் ஒபுன்யா, தொப்பையைத் தடவி. "ஏரியைக் கோப்பையில ஊத்திக் குடிச்சிட்டு, சக்கரை பத்தலைன்னு சொன்னவன்! என் வலையைப் பார்த்தா மீனெல்லாம் வரிசையில நின்னு டோக்கன் வாங்கும்! என் எடைக்கு இந்த மேடை தாங்காதுன்னுதான் கீழ நிக்கிறேன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. நியாம்போக் அவருக்காக ஒரு சுற்று வாசித்தான், கேப்டன் மாதிரியே.

இடைவேளையில் மண்டபத்துக்குப் பின்னால் தேநீரும் மண்டாசி என்ற எண்ணெய்ப் பணியாரமும் கொடுத்தார்கள்.

"என்னடா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றான் மகாக். "சந்தோஷம் தாங்கலையா?"

"மகாக், உனக்குக் கேப்டனோட நிஜச் சத்தம் எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"உண்மையைச் சொல்லு."

மகாக் சுற்றுமுற்றும் பார்த்தான். "கொஞ்சம் பசியா இருக்குற மாதிரி இருக்கு."

அப்போதுதான் மண்டபத்துக்குள்ளிருந்து அந்த 'ம்ம்ம்' கேட்டது. அவன் இங்கே மண்டாசியோடு நிற்கிறான், உள்ளே அவனுடைய சத்தம் வந்துகொண்டிருக்கிறது. ஓடிப் போய்க் கதவில் நின்று பார்த்தான்.

கேப்டன் தனியாக மேடையில், ஒயரை மாட்டி, ஸ்பீக்கரைப் பானைக்குள் தள்ளி, ஒவ்வொரு சுரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் அடுத்த கம்பிக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. ஆனால் அவசரமே இல்லை. முந்தைய சுரத்தைப் பானை கையில் பிடித்து வைத்துக்கொண்டு, "மெதுவா வாங்க பெரியவரே" என்பது போல் காத்திருந்தது. கிழவர் முகத்தில் இருபது வயசுப் பையன் சிரிப்பு. தேநீர்க் குவளைகளோடு ஆட்கள் உள்ளே திரும்பி வரத் தொடங்கினார்கள். யாரும் சொல்லாமலே இடுப்புகள் ஆட ஆரம்பித்தன.

நியாம்போக் மேடைப் படியில் ஏறினான். கேப்டன் குனிந்து அவன் காதில், "தம்பி, கடவுள் உனக்கு நல்லது செய்வாரு. இனி எனக்கு ஆள் தேவையில்ல, நானே வாசிச்சுக்குவேன். பானையை மட்டும் குடு," என்றார். நிமிர்ந்து மைக்கைப் பிடித்தார். "சனங்களே! இந்தக் கிழவன் புதுச் சத்தம் ஒண்ணு கண்டுபிடிச்சுட்டான்! கேப்டனோட புதுச் சத்தம்! கிசுமுவே ஆடப் போகுது!"

கூட்டம் கூரையைத் தூக்கியது. நியாம்போக் படியில் ஏறியதை மறந்து இறங்கி, கூட்டத்துக்குள் நின்றான். கையிலிருந்த பாதி மண்டாசியைப் பார்த்தான். வேலை போனதா என்று யோசித்தான். போய்விட்டது. அது அவ்வளவாக வலிக்கவில்லை. வேறெங்கோ வலித்தது, எங்கே என்று தேடினான். கேப்டனின் புதுச் சத்தமாம்! காலையில் கிணறு, மதியம் கேப்டனின் புதுச் சத்தம். இத்தனை வயதில் முதல் தடவையாக அவனுக்குக் கேப்டன் மேல் கோபம் வந்தது. அது மாமியாரை ஒருமையில் கூப்பிட்டது போலப் பயமாகவும் இருந்தது.

பக்கத்தில் ரிஸ்பா வந்து நின்றாள்.

"என்ன, பானையைக் குடுத்துடப் போறீங்களா?"

"அவரு கேப்டன்."

"நீங்க யாரு?"

அவள் இடுப்புத் துணி முடிச்சிலிருந்து ஒரு நாணயத்தை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டாள்.

நியாம்போக் மண்டாசியை வாயில் திணித்தான். அது தவறு. ஏனென்றால் அதே கணத்தில் கையும் மேலே போய்விட்டது.

"இழுழ்ழு!" என்றான். மென்று விழுங்கிவிட்டு மறுபடி, "நிறுத்து!"

பாட்டு நின்றது. பானை மட்டும் ஒரு நொடி கூடுதலாக முனகிவிட்டு நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. நாணயம் தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

"நான்..." என்றான். "நான் நியாம்போக்."

"தெரியும்!" என்றது ஒரு குரல். "எங்க எஞ்சின் எப்பய்யா தருவ?"

"திங்கக்கிழமை. நான் யாரு? என்னை ரெண்டாவது கேப்டன்னு சொல்வீங்க. அது பொய். நான் ரிஸ்பாவோட புருஷன், அஞ்சு பானை உடைச்சவன்!" சிரிப்பு எழுந்தது. அது அவனைத் தூக்கிவிட்டது. "என் பொண்டாட்டியை மூணு வருஷமா சுடுதண்ணி குடிக்க வச்சவன்! மாமியார் சீதனத்துல கிட்டார் வாசிச்சவன், அதுக்கப்புறமும் உயிரோட இருக்கிறவன்! ஊரெல்லாம் காதால கேட்டுச்சு, நான் தப்பாக் கேட்டேன்! இருபத்து நாலு வருஷம், ஒரு நாள் விடாம, தப்பாவே கேட்டேன்! என்னை மாதிரி தப்பாக் கேட்டவன் இந்தக் கரையிலயும் இல்ல, அந்தக் கரையிலயும் இல்ல!"

"இல்ல! இல்ல!" என்றது கூட்டம். கெண்டுக்காரர் உற்சாகமாக இருமினார்.

"கேப்டன் தானா வந்து பானைக்குள்ள விழலை! இந்தா, இந்தக் கையால தூக்கி உள்ள போட்டவன் நான்! அந்தச் சத்தம் அவரோடது இல்ல. என் மாமாவோடதும் இல்ல. அவரு ஒரு தரம் வச்சுட்டு மறந்துட்டாரு; நான்தான் உள்ளயே குடியிருந்தேன். அது என்னோடது!"

ஒபுன்யா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். பிறகு எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். வழக்கம் வழக்கம்தான். பெருமை சொன்னவனுக்காக வாசித்தே ஆக வேண்டும். கேப்டன் ஒண்டியேக்கானாலும் சரி.

கேப்டன் தோளிலிருந்து கிட்டார் பட்டையைக் கழற்றினார்.

"இவ்வளவு நீளப் பெருமைக்கு வாசிக்க என் விரலால ஆகாது," என்றார் மைக்கில். "வாடா தம்பி, உன் பெருமையை நீயே வாசிச்சுக்கோ. நான் ஆடறேன்."

நியாம்போக் ஏறி உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் கேப்டனின் பாட்டுக்கு விரல் போயிற்று, நிறுத்திக்கொண்டான். அப்புறம் எதை வாசிப்பது என்று தெரியவில்லை. அவனிடம் வேறு பாட்டே கிடையாது. ஒரு கம்பியைத் தட்டிவிட்டுப் பேசாமல் இருந்தான். பானை 'ம்ம்ம்' என்றது. இத்தனை நாளும் கேப்டனின் நூறு சுரங்களை அதன் வாயில் திணித்து, அது மென்று முடிப்பதற்குள் அடுத்ததைத் திணித்துக்கொண்டிருந்தான், சற்று முன் மண்டாசியைத் திணித்தது போல. இப்போது அது முடிக்கட்டும் என்று விட்டான். முடித்ததும் இன்னொன்று கொடுத்தான். அது ஏரியில் எஞ்சினை அணைத்துவிட்ட படகு, தண்ணீரில் தானாக நழுவிப் போவது போல் இருந்தது. மகாக் பேஸ் கிட்டாரைத் தேடி ஓடி வந்து, அந்த இடைவெளிகளில் காலை வைத்தான்.

முதலில் ஆட எழுந்தவள் ரிஸ்பா. மேடையைப் பார்க்காமல், பானையைப் பார்த்து ஆடினாள். கேப்டன் இரண்டு கையையும் விரித்து ஒபுன்யாவைச் சுற்றி ஆடினார்.

வாசித்து முடித்ததும் கேப்டன் மேல்மூச்சு வாங்கிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிசுமுவுல பாதி நேரம் நீ," என்றார். "உன் பேர்ல. மிச்சப் பாதி நான்."

"உங்க பாதிக்குப் பின்னாடி நான் வாசிக்கணுமா, கேப்டன்?"

"வேணாம். எனக்கு அந்தப் பழைய சத்தம் சலிச்சுப் போச்சு. உனக்கு எத்தனை பாட்டுலப்பா சலிச்சுது?"

நியாம்போக் தயங்கினான். "மூணு."

"எனக்கு முப்பது வருஷம் ஆச்சு," என்றார் கேப்டன். "நீ கெட்டிக்காரன். இங்க பானை எங்க கிடைக்கும்?"

*

திங்கட்கிழமை காலை சந்தையில் பானைக்காரி அபோண்டிக்கு வினோதமான வியாபாரம் நடந்தது. தோளில் கிட்டாருடன் ஒல்லிக் கிழவர் ஒருவர் அவளுடைய முப்பது பானைகளையும் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கூட வந்த எஞ்சின் மெக்கானிக் ஒரு சிறிய பேட்டரி ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

"விரிசல் இருக்கான்னு பார்க்கிறீங்களா?" என்றாள் அபோண்டி. "என் பானையில விரிசலே கிடையாது. தண்ணிக்கா, சாராயத்துக்கா?"

"கிட்டாருக்கு," என்றார் கேப்டன்.

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் வானத்தைப் பார்த்தான்.

பன்னிரண்டாவது பானையில் ஸ்பீக்கரை நுழைத்து, கேப்டன் ஒரு கம்பியைத் தட்டினார். சத்தம் உள்ளே போய், கொஞ்சம் யோசித்து, தும்மல் வராமல் தவிப்பவர் மாதிரி 'ஹ்ங்' என்று வந்தது. கேப்டன் முகம் சுருங்கியது. மறுபடி தட்டினார்.

"உன்னோடது மாதிரி வரலையே," என்றார்.

"வராது, கேப்டன்."

"ஸ்பீக்கரை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. நீ எத்தனை விரக்கடை தள்ளுவ?"

"நாலு. ஆனா அது அந்தப் பானைக்கு."

"நாலு தள்ளு."

தள்ளினான். 'ஹ்ங்.' கேப்டன் நியாம்போக் உட்காருவது போலவே முதுகை வளைத்து, நியாம்போக் செய்வது போலவே கண்ணை இறுக்க மூடி, இன்னொரு தடவை தட்டினார். நியாம்போக்குக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. மரியாதைக்காகத் திரும்பி நின்று, அடுக்கிவைத்த பானைகளுக்குள் முகத்தை விட்டுச் சிரித்தான். அதில் ஒன்று அவன் சிரிப்பைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது.

கேப்டன் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"அது எந்தப் பானைடா?" என்றார்.